பரிசுக் கோப்பையும் பள்ளிப் பதிவேடும்

தை பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ்ப் பள்ளிகளில் விழாக்காலம்தான். பொங்கல் விழா, விளையாட்டு விழா, குடியரசு தினக் கொடியேற்றம், ஆண்டு விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதே காட்சி. இன்ன நடுநிலைப் பள்ளி மாணவி நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலிடம். இன்ன பள்ளிச் சிறுவன் குறள் ஒப்புவித்தலில் முதல் பரிசு. ஊர்ச்சங்கத் தலைவர் சில்வர் குடமும் கோப்பையும் வழங்கினார். முடிவில் நாட்டுப்பண் பாடப்பட்டது. இச்செய்திகளில் வெளியார் சுவை காண மாட்டார்கள். ஆனால் சால் வீட்டின் ஒற்றை அறையில் அந்தப் படத்தைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் தாய்க்கு அது தலைப்புச் செய்தி.

அண்மையில் தாராவிப் பக்கம் அப்படியொரு விழாவுக்குப் போக நேர்ந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று முறை மேடை ஏறினாள். ஓட்டத்தில் முதல், கையெழுத்தில் முதல், கணக்கில் வகுப்பிலேயே முதல். தகப்பனார் காலையில் தலைச்சுமையாக இட்லி விற்கிறவர். நெல்லைச் சீமைக்காரர். விழா முடிந்து, படம் எந்த நாளில் பத்திரிகையில் வரும் என்று விசாரித்தவர், போகிற போக்கில் வேறொன்றும் கேட்டார்.

"அண்ணாச்சி, இவ எட்டாங் கிளாஸ் முடிச்சதும் ஊருக்கு அனுப்பிரலாம்னு நினைக்கேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும். சரிதானே?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். நம்மில் பத்துக் குடும்பத்துக்கு ஆறு குடும்பம் போடுகிற கணக்கும் அதுதானே! எட்டாம் வகுப்பு வரை இங்கே இலவசம். மாநகராட்சிப் பள்ளியில் சீருடை, செருப்பு, பை, நோட்டு என்று 27 வகைப் பொருள்கள் கிடைக்கின்றன. மத்தியானச் சாப்பாடும் உண்டு. அதன்பின் பாட்டி வீட்டில் விட்டுவிட்டால் போயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்து சட்டங்களையும் விதிகளையும் எடுத்துப் பார்த்தால், ஊருக்கு அனுப்புவதற்குப் பொருத்தமற்ற நேரம் ஒன்று உண்டென்றால் அது எட்டாம் வகுப்பின் முடிவுதான் என்று தெரிகிறது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏழோடு நிற்கும் படிக்கட்டு

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தரவேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு சொல்கிறது. "தொடக்க நிலையில்" என்ற அந்தச் சொல்லில்தான் வில்லங்கம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பழைய அமைப்பில் தொடக்கக் கல்வி ஏழாம் வகுப்போடு முடியும். எட்டு முதல் பத்து வரை உயர்நிலை. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதை எட்டு என்று ஆக்கியது. சில பள்ளிகளில் எட்டாம் வகுப்பைச் சேர்த்தார்கள். சிலவற்றில் இன்னும் ஏழுதான். அதற்கு மேல் தமிழில் படிக்க இடம் அரிது. ஆகவே ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ தாவ வேண்டும். கணக்கையும் அறிவியலையும் ஏழெட்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, ஒரே கோடை விடுமுறையில் மொழி மாறி உட்கார வேண்டும். அந்த வருடம் மார்க்கு சரிகிறது. பையனாக இருந்தால் பட்டறைக்கும், பெண்ணாக இருந்தால் வீட்டு வேலைக்கும் போவதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

மாதுங்காவாசிகளான நம் குமாஸ்தா நண்பர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாது. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய நாளிலிருந்து அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கில வழியில் நேரான பாதை கிடைத்திருக்கிறது. தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளி. ஒரே ரயில்நிலையத்தில் இறங்கியவர்கள்தான். பாலத்தின் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்பதில் இரண்டு தலைமுறையின் கதை அடங்கியிருக்கிறது.

ஆறாம் வகுப்பில் திறக்கும் கணக்கு

இப்போது இட்லிக்காரரின் கேள்விக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதனால் பயனடைந்த ஏழைப் பிள்ளைகளின் படங்களை நாமும் மகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறோம். ஆனால் நிபந்தனையைக் கவனித்தவர் சிலர்தான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. இவற்றுக்கும் ஆறிலிருந்துதான் எண்ணிக்கை. மும்பை மாநகராட்சிப் பள்ளியும் அரசாங்கப் பள்ளிதானே, அங்கே படித்ததும் தமிழ்தானே என்று வாதாடிப் பயனில்லை. எட்டு முடித்து ஒன்பதில் ஊருக்குப் போகும் பிள்ளைக்கு அந்தக் கதவு மூன்று வருடத்துக்கு முன்பே சாத்தப்பட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. அந்த ஐந்தில் ஒரு வருடம் வெளிமாநிலத்தில் கழிந்திருந்தாலும் அந்த நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கிடைக்காத பொருளல்ல, ஆனால் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் மும்பை முகவரியில் இருக்க, ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் தகப்பனின் பூர்வீகத்தை நிரூபிக்க எத்தனை நாள் கூலி போகும் என்பதை அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தின் கணக்கு வேறு. இங்கே மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடம் கேட்பவர் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் இந்த மாநிலத்தில் தேறியிருக்க வேண்டும். டொமிசைல் சான்றிதழும் வேண்டும். அதற்குப் பதினைந்து வருட வாசத்தைக் காட்ட வேண்டும். ஆகப் பத்து வரை இங்கும் பதினொன்று, பன்னிரண்டு அங்குமாகப் படித்த பிள்ளை இரண்டு படகிலும் கால் வைத்து, இரண்டிலும் ஏறாமல் நிற்கிறது.

சுருங்கச் சொன்னால், ஊருக்குத்தான் என்று தீர்மானித்தால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பன்னிரண்டு வரை இங்கேயே இருத்த வேண்டும். நடுவில் எடுக்கும் முடிவெல்லாம் பிள்ளைக்கு நட்டம். பத்து வயதுப் பிள்ளையைத் தாயைப் பிரித்து அனுப்பச் சொல்வது எளிதா என்று கேட்பீர்கள். எளிதல்ல. அனுப்புங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. தீர்மானம் எந்த வருடத்தில் விழுகிறது என்பதை அறிந்து தீர்மானியுங்கள் என்றே சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பில் இங்கே கிடைப்பது

அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு ஐந்தாம் வகுப்புக் கட்டம் கடந்துவிட்டது. அவர் பார்க்க வேண்டியது இங்குள்ளதைத்தான். இங்கும் ஒன்று இருக்கிறது. அதை நம்மவர் அதிகம் தொடுவதில்லை.

மத்திய அரசின் வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகை. ஆங்கில எழுத்துகளில் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். 2008 முதல் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு. அதில் தேறியவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. பெற்றோரின் வருட வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க்கு வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து சதவீதம் தளர்வு. நாடெங்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடம். மகாராஷ்டிரத்தின் பங்கு 11,682.

இதில் முக்கியமான செய்தி என்னவென்றால், இத்தேர்வு அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே. ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டித் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுத முடியாது. நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை எழுதலாம். "மாநகராட்சிப் பள்ளிதானே" என்று நாம் முகம் சுளிக்கும் பள்ளிக்கு இந்த ஒரு தேர்வில் முன்னுரிமை. ஆனால் ஏழோடு நின்றுவிடும் தமிழ்ப் பள்ளியிலிருந்து வெளியேறி, தெருமுனையில் உதவி பெறாத ஆங்கிலப் பள்ளியில் எட்டாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை அந்த உரிமையை ஒரே நாளில் இழக்கிறது. சேர்க்கும்போது இதைச் சொல்வார் யாருமில்லை. ஆகவே எட்டாம் வகுப்புக்கு இடம் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "பள்ளி அரசு உதவி பெறுகிறதா?" என்பது.

தேர்வில் இரண்டு தாள். ஒன்று அறிவுத்திறன், மற்றொன்று ஏழு, எட்டாம் வகுப்புப் பாடம். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. அறிவுத்திறன் தாளில் எண் வரிசை, உருவ ஒப்புமை என்று வருவனவெல்லாம் வகுப்பில் சொல்லித் தராதவை. பழகினால் வரும், பழகாவிட்டால் கணக்கில் முதல் வரும் பிள்ளையும் விழிக்கும். தேறிய பின்பும் வேலை இருக்கிறது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் குறித்த நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் பணம் வராது. பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் பதினொன்றுக்குத் தொடரும். மாநிலம் நடத்தும் ஸ்காலர்ஷிப் தேர்வு தனி. 2017 முதல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நடந்த அதை மீண்டும் நான்கு, ஏழாம் வகுப்புகளுக்கே கொண்டுவர 2025-ல் அரசு முடிவு செய்தது.

ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. கோப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கோப்பையைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் மேடை, மைக், சால்வை இவற்றுக்கு ஆகும் செலவில் கால்பங்கு போதும், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஞாயிறுதோறும் இருபது பிள்ளைகளுக்கு இந்தத் தாள்களைப் பழக்க. சங்கத்தில் வங்கிக் குமாஸ்தாவும் ரயில்வேக் குமாஸ்தாவும் இருக்கிறார்கள். எண் வரிசைப் புதிர்களைப் போட்டுத்தான் அவர்கள் வேலைக்கே வந்தார்கள்! ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மராத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் பத்து வரை மராத்தி கட்டாயம். இதைச் சுமையாக நினைக்கும் பெற்றோர் உண்டு. 2025-ல் முதல் வகுப்பில் இந்தியைக் கொண்டுவர ஆணை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 29-ல் அரசே அதைத் திரும்பப் பெற்றதையும் பார்த்தோம். அந்தச் சண்டை வேறு. இங்கேயே தங்கப்போகும் பிள்ளைக்கு மராத்தி பிழைப்பு மொழி. அதில் நல்ல மார்க்கு வாங்கிய தமிழ்ப் பிள்ளையின் படமும் இந்தப் பக்கத்தில் வரட்டும்.

தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரி

விழாவில் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நான் பார்த்தது தலைமையாசிரியர் அறையில் இருந்த ஓர் இரும்பு அலமாரியை. உள்ளே ஜெனரல் ரிஜிஸ்டர்கள். அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, ஓரம் கரையான் தின்ற பெரிய பதிவேடுகள். பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், சாதி, தாய்மொழி, சேர்ந்த நாள், விலகிய நாள். எல்.சி. என்று நாம் வாங்கிப் போவது அந்த ஒரு வரியின் நகல்.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்பதை 1990-ல் வந்த ஒரு தீர்ப்பு சொல்லும். வழக்கு பிறந்தது இந்த நகரத்தில்தான். ஆந்திரத்தைச் சேர்ந்த பழங்குடி மாணவர். தகப்பனாருக்கு இங்கே வேலை. மாணவர் படித்ததும் இங்கேயே. சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டார். இந்த மாநிலத்துப் பழங்குடியினருக்கான இடம் உமக்கு இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வும் அதையே உறுதிசெய்தது: பட்டியல் என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது, குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது. மத்திய அரசின் சலுகைகளுக்குப் பூர்வீக மாநிலச் சான்றிதழ் செல்லும். 2018-லும் உச்ச நீதிமன்றம் இதே நிலையில்தான் நின்றது.

இதனால் மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்டோருக்கான சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் முதலில் பார்க்கப்படும் தேதி 1950 ஆகஸ்டு 10. அந்த நாளுக்கு முன்பே உங்கள் பாட்டனாரோ முப்பாட்டனாரோ இந்த மாநிலத்தில் இருந்தார் என்பதற்குக் காகிதம் எங்கே? பிற பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. சாதியின் பெயர் இம்மாநிலப் பட்டியலில் உள்ளதா என்பதும் பார்க்கப்படும். தாராவியில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. ஆனால் 1950-க்கு முந்தைய வாடகை ரசீதை யார் வைத்திருக்கிறார்கள்? கொட்டகை முதலாளி சம்பளச் சீட்டா கொடுத்தார்? வெள்ளத்திலும் தீயிலும் போகாமல் எஞ்சியிருக்கக் கூடியது, பாட்டனார் இரண்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பள்ளியின் பதிவேட்டு வரிதான். இட ஒதுக்கீட்டு இடத்துக்கு சாதிச் சரிபார்ப்புக் குழுவின் முன் நிற்கும்போது வலுவான சான்றாகக் கருதப்படுவதும் அத்தகைய பழைய பள்ளி ஆவணமே.

அந்த வரி ஒழுங்காக இருக்க வேண்டுமே! சேர்க்கும் நாளில் தகப்பன் வேலைக்குப் போயிருப்பான். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போவார். சாதி என்ற இடத்தில் "மதராஸி" என்றோ வெறும் "இந்து தமிழ்" என்றோ எழுதிவிட்டால், இருபது வருடம் கழித்து அதுவே முட்டுக்கட்டை. பெயரில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. நம்மிடையே தகப்பன் பெயர் முன்னெழுத்து. இங்கே அது நடுப்பெயர், அதன்பின் குடும்பப் பெயர் என்று ஒன்று. இல்லாத குடும்பப் பெயருக்கு எழுத்தர் ஊர்ப் பெயரைப் போட்டுவிடுவார். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது திருத்துவது எளிது. எல்.சி. வாங்கி வெளியேறிய பிறகு திருத்தப் புறப்பட்டால் மனு, அலுவலகம், சில நேரம் நீதிமன்றம் என்று இழுக்கும். நடுநிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் தகப்பனோ தாயோ ஒரு நாள் போய், பதிவேட்டில் தம் பிள்ளையின் வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. முக்கால்வாசி உறுப்பினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு நம்மவர் போவதில்லை. போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளி இணைக்கப்படும்போது பழைய பதிவேடு எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்று கேட்க வேண்டியவர்கள் அவர்களே.

இணைப்பு என்றது சும்மா அல்ல. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2023-ல் அதானி குழுமத்துக்கு அளிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருந்தவர்களுக்கு வாடகை வீட்டு ஏற்பாடு. வீடு கிடைக்குமா, எத்தனை அடி என்பதே எங்கும் பேச்சு. பள்ளியைப் பற்றிய பேச்சு எங்கும் காதில் விழவில்லை.

தமிழ்ப் பள்ளி நடப்பது கட்டடத்தால் அல்லவே. காலையில் பிள்ளை நடந்து வரும் தூரத்தில் நூறு தமிழ்க் குடும்பம் இருப்பதால் நடக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் காட்டிப் பள்ளி கேட்கலாம். தமிழ்ப் பள்ளி கேட்க அங்கே தமிழ்ப் பிள்ளைகள் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்காரர் இங்கும் மாடிக்காரர் நகரத்தின் இன்னொரு மூலையிலுமாகப் பிரிந்தால், ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குப் பள்ளி தூரமாகிவிடும். மற்றதற்கு வகுப்பில் துணை இராது. இடமாற்றப் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கத்தார் வீட்டுப் பட்டியலோடு பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலையும், எந்த மொழி, எந்த வகுப்பு என்று எழுதி எடுத்துப் போவது நல்லது.

இட்லிக்காரரை மறுபடி சந்தித்தேன். ஆறாம் வகுப்பு விஷயத்தைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "மூணு வருஷத்துக்கு முந்தி யாரும் சொல்லலியே, அண்ணாச்சி" என்றார். இரண்டாவது பெண் இப்போது நான்காம் வகுப்பாம். அவளைப் பற்றி வீட்டில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். மூத்தவளை எட்டாம் வகுப்புக்கு உதவி பெறும் பள்ளியில்தான் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை வியாபாரத்தை ஒன்பது மணியோடு நிறுத்திவிட்டு, ரேஷன் கார்டும் தம் தகப்பனாரின் பழைய எல்.சி.யும் எடுத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்க்கப் போகிறாராம். கோப்பை பிடித்த படம் எப்போது வரும் என்று அப்போதும் கேட்கத் தவறவில்லை.